தோற்றவர் காக்கும் சட்டம்



அனைத்துலக உறவுகள் பற்றிப் பயிலும் மாணவர் ஒருவரின் மனத்தில் ஒரு கேள்வி. ஊருக்குள் திருடினால் போலீஸ் பிடிக்கும். ஒரு நாடே தவறு செய்தால் யார் பிடிப்பது? நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திடம் போலீசும் இல்லை, சிறையும் இல்லை. நாடுகள் அதன் அதிகாரத்தை ஏற்றால்தான் வழக்கே நடக்கும்.

நிகாராகுவா வழக்கைப் படித்தபோதுதான் அவருக்கு இந்தச் சந்தேகம் வலுத்தது. அந்தச் சிறிய நாட்டின் துறைமுகங்களில் 1984இல் கண்ணிவெடி வைத்ததும், அதன் அரசை எதிர்த்த கோன்ட்ரா படைக்கு உதவியதும் சட்டமீறல் என 1986 ஜூன் மாதம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. தீர்ப்பை மதிக்கக் கோரி ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வந்த தீர்மானத்தையும் தனது வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது.

அப்படியானால் வல்லான் வகுத்ததே வாய்க்காலா? மாணவர் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கே உரியவை என 2002 டிசம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியாவைவிடப் பன்மடங்கு பெரிய நாடான இந்தோனேசியா அதை ஏற்றுக்கொண்டது.

2008 மே 23ஆம் நாள் தோல்வி மலேசியாவைத் தேடி வந்தது. பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்கு என 12 நீதிபதிகள் முடிவு செய்தனர். 4 பேர் மாறுபட்டனர். தீவு ஆதியில் ஜொகூருக்குச் சொந்தமானது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால், அத்தீவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூர் அரசு 1953இல் எழுதிய கடிதம் வழக்கையே திருப்பிவிட்டது. மனம் வலித்தாலும் மலேசியா தீர்ப்பை ஏற்றது. 2017இல் மறுஆய்வு கேட்டதும் அதே நீதிமன்றத்தில்தான்; 2018இல் அந்த மனுவையும் மீட்டுக்கொண்டது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

ஆக, அந்த நீதிமன்றத்தின் பலம் வென்றவர் கையில் இல்லை; தோற்றவர் காக்கும் வாக்கில் இருக்கிறது. வல்லரசுகள் சட்டத்தை மீறியும் பிழைத்துக்கொள்ளலாம். சிறிய நாடுகளுக்கோ சட்டம்தான் கோட்டைச் சுவர். தோற்ற தீர்ப்பை இன்று மதிக்காத நாடு, வென்ற தீர்ப்பை நாளை யாரிடம் காட்டும்?

நாளை அதிகாரத்தில் அமரப்போகும் மாணவர்கள் சிந்திக்கட்டும்.