வாயில்லா உயிர்க்கு ஔடததானம்

(சந்தவாசலில் ஆற்றப்பட்ட உரை)



சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உழவும் கால்நடையும் பிரியாதவை. மழைக்காலத்தில் மந்தை வைத்திருப்போர் அஞ்ச வேண்டிய பிணி ஒன்று உண்டு. அதுவே நீலநாக்கு நோய்.

இந்தியாவில் இது 1964ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1997-98இல் தமிழகத்துச் செம்மறி மந்தைகளைக் கடுமையாகத் தாக்கியது. 2006இல் நெதர்லாந்து முதலிய குளிர்நாடுகளிலும் பரவிற்று. நோயுற்ற செம்மறிக்குக் கடுங்காய்ச்சல் காணும். உதடும் முகமும் வீங்கும். வாய் புண்ணாகி எச்சில் ஒழுகும். குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நடை தளரும். சிலவற்றின் நாக்கு நீலம் பாரிக்கும், பெயர்க்காரணம் அதுவே. மாடும் வெள்ளாடும் பெரும்பாலும் நோய்க்குறி காட்டா. ஆயினும் அவற்றின் குருதியில் வைரசு பல வாரங்கள் தங்கும். மனிதரை இது தொற்றாது.

நோயைச் சுமந்து செல்வது கியூலிகாய்டசு எனும் நுண்பூச்சி. அது கொசுவினும் சிறியது; அந்தியிலும் இரவிலும் கடிப்பது; ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகுவது.

இங்கேதான் கொல்லாமை விரதம் பூண்ட இல்லறத்தாருக்கு ஐயம் எழுகிறது. ஐயறிவுடைய ஆட்டைக் காக்க நாலறிவுடைய பூச்சியைக் கொல்வதா? பூச்சிக்கு இரங்கி ஆட்டைச் சாகவிடுவதா?

நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும் எந்நோக்கில் விதிக்கப்பட்டனவோ, அந்நோக்கே தொழுவத்துக்கும் பொருந்தும். சாணத்தை அன்றன்று அள்ளி, நீர் தேங்காமல் தரையை உலர வைத்தால் அங்கே பூச்சி பெருகாது. பிறவாத உயிரைக் கொல்ல வேண்டுவதும் இல்லை. மாலையானதும் மந்தையை மேட்டுநிலத்துப் பட்டியில் அடைத்து, மிக நெருங்கிய கண்ணுடைய வலை கட்டுதல் நலம்.

ஆயினும் வயற்சேற்றில் பிறப்பதைத் தடுக்க இயலாது. அதற்கென அமைந்ததே தடுப்பூசி. இவ்வைரசில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கான காப்பு மற்றொன்றுக்குப் போதாது. ஆகவே, ஐந்து வகைகளைச் செயலிழக்கச் செய்து சேர்த்த தடுப்பூசி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டுள்ளது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்நடை மருத்துவரைக் கேட்டு அதனைப் போடுவித்தல் வேண்டும்.

நோய் கண்டபின் கைவிடுவதும் தகாது. அச்சத்தால், வந்த விலைக்கு ஆட்டை இறைச்சிக்கு விற்பது கொலைக்கு வழிவிடுவதாகும். நிழலில் கட்டி, வாய்ப்புண்ணைக் கழுவி, கஞ்சியும் மென்தழையும் ஊட்டி, மருத்துவரை அழைத்தால் பல ஆடுகள் பிழைக்கும்.

நால்வகைத் தானங்களுள் ஔடததானம் ஒன்று. பத்து ஆடுகளே செல்வமாக உடைய ஏழை இடையர் பலர் இவ்வட்டாரத்தில் உள்ளனர். அவர்தம் பட்டிக்குத் தடுப்பூசி செல்ல ஒவ்வொரு குடும்பமும் மழைக்கு முன் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், ஔடததானமும் அபயதானமும் ஒருங்கே நிறைவேறும்.

அறம் வளர்க!