மாவு அரைபடும் நேரத்தில் ஓர் அத்தியாயம்



ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நாள் முழுக்க உழைத்த தொழிலாளர்கள் கேட்டு வாங்கியது அது. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884இல் அவர்களைத் திரட்டினார். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள் ஓய்வு வேண்டும், பகலில் சாப்பிட அரைமணி வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானவை. ஆறு வருடம் விடாமல் கேட்டார்கள். 1890 ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் இசைந்தார்கள். அடுத்த வருடம் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம்பெற்றது.

ஆலைக்குக் கிடைத்த அந்த ஞாயிறு அடுப்படிக்குக் கிடைத்ததா? என்னைக் கேட்டால், பாதிகூடக் கிடைக்கவில்லை. மற்ற நாளில் ஒரு குழம்பு, ஒரு பொரியலோடு முடிகிற சமையல், ஞாயிறு என்றால் காலையில் பூரி, மதியம் கறிக்குழம்பு, சாயங்காலம் வந்தவர்களுக்குப் பலகாரம் என்று நீளும். வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவையும் அன்றைக்குத்தான் ஆட்டுவோம். வீட்டில் எல்லாருக்கும் ஓய்வு, ஒருத்திக்கு மட்டும் இரட்டை வேலை. ஆகவே ஒரு கருவி வீட்டுக்கு வரும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். அது யாருக்காவது நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறதா, இல்லையா?

அப்படிக் கொடுத்த கருவிகளில் முதல் மரியாதை கிரைண்டருக்குத்தான். அது பிறந்த ஊர் எங்கள் கோயம்புத்தூர். 1930களில் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின. ஆலைகளையும் கிணற்றுப் பம்புகளையும் நம்பி மோட்டார்ப் பட்டறைகள் தெருத்தெருவாக முளைத்தன. அந்தப் பட்டறை ஊரில் 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரைப் பூட்டினார். ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் இருக்கும், குழவியைக் கையால் சுற்றுவோம். கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், குழவி நின்ற இடத்தில் நிற்கும். மாற்றம் இவ்வளவுதான். ஆனால் தோள்பட்டை வலியோடு விடிந்த எத்தனை காலைகளை இது மாற்றியிருக்கும்! பிற்பாடு கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, கூலி வேலைக்குப் போகிற வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இலவசம் என்று அதைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் ஒரு படி அரிசியை உட்கார்ந்து ஆட்டியிருப்பார்கள்?

மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு என்று இளைய தலைமுறை கேட்கிறது. சட்னிக்கும் மசாலாவுக்கும் மிக்ஸி போதும். உளுந்துக்கு ஆகாது. மிக்ஸியின் பிளேடு அதிவேகத்தில் வெட்டும், ஜார் சூடேறும், மாவில் காற்று ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கல் நிதானமாக நசுக்கி நசுக்கி அரைக்கும். கைநீர் தெளித்துக்கொண்டே இருந்தால் உளுந்து நுரைத்து மேலே எழும்பும். பதம் பார்க்க ஒரு கிண்ணத் தண்ணீரில் துளி மாவை விடுவோம். மிதந்தால் ஆயிற்று. என் மாமியாருக்கு அந்தக் கிண்ணமும் தேவையில்லை. முன்னறையில் உட்கார்ந்தபடியே, "இன்னுஞ் செத்த நேரம் ஓடட்டும் அம்மிணி, சத்தம் மாறுலையே" என்பார். உளுந்து கரகரவென்று இருக்கும்வரை கல் சத்தம் வறண்டு கேட்கும். மாவு பந்தாகத் திரண்டதும் தொப் தொப்பென்று பாத்திரத்தில் அடித்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் ஆட்டுக்கல்லில் ஆட்டிய கை அவருடையது. அந்தக் காது இன்னும் அப்படியே இருக்கிறது.

உளுந்து அரைபட அரைமணி ஆகும், அரிசிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. நடுவில் எழுந்து வழித்துவிட்டு, தண்ணீர் தெளித்தால் போதும். அந்த அரைமணிதான் கிரைண்டர் நமக்குக் கொடுத்த சொத்து. அதை இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று அடுப்படியில் நிற்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஒரு புத்தகத்தைத் திறங்கள்.

தொடர்கதையாக வந்த நாவல்கள் இதற்கு மிகவும் தோதானவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. அந்த நாளில் பத்திரிகை வந்ததும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் நிறைய உண்டு. அந்தப் பழக்கத்தை நாங்கள் மறுபடி பிடித்துக்கொண்டோம். சின்ன வெங்காயம் உரிக்க நாலு கை, வாசிக்க ஒரு வாய். முதலில் மகன் வாசிப்பான், தொண்டை கட்டினால் என் கணவர் வாங்கிக்கொள்வார். கதையில் ஆழ்வார்க்கடியான் வந்தால் குரலை மாற்றியே தீர வேண்டும், இல்லாவிட்டால் மாமியார் விடமாட்டார்.

சமையலும் படிப்பும் ஒரே அட்டைக்குள் சேர்ந்த புத்தகம் ஒன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். பலரும் அவரிடம் கடிதம் போட்டுக் கைப்பக்குவம் கேட்டதால், உறவினர் ஒருவர் தூண்ட, அதைப் புத்தகமாக்கினார். சமையல் குறிப்பை இலக்கியமாகப் படிக்க முடியுமா என்றால், இதை முடியும். புதிதாகக் குடித்தனம் போகிற பெண் கூடவே ஒரு அத்தையை அழைத்துப் போகிற மாதிரி எழுதியிருக்கிறார். தசம முறை வருவதற்கு முன்பு வந்த புத்தகம் என்பதால் படி, ஆழாக்கு, பலம் எல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். எண் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் புளியை 35 கிராமுக்கு நிறுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், பழைய சமையலின் அளவு கைக்கே புரிந்துவிடுகிறது. மகன் வத்தக்குழம்பு கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இனி கைப்பேசி. கிரைண்டர் கொடுத்த அரைமணியைப் பிடுங்கிக்கொள்வதும் அதுதான், இரட்டிப்பாகத் திருப்பித் தருவதும் அதுதான். நாம் எதை உள்ளே விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கண்புரை அறுவைக்கு முன்னால் என் மாமியார் அச்செழுத்தைப் படிக்க முடியாமல் தவித்தார். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம், ஒரு வரிக்கு மூன்று சொல் வருகிற அளவுக்கு. மெதுவாகத்தான் படித்தார். ஆனால் யாரையும் எதிர்பார்க்காமல் படித்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு, திரையில் படிப்பது படிப்பே அல்ல என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

பிடுங்கிக்கொள்ளும் பக்கத்துக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு எளிது. ஞாயிறு பகல் சாப்பாடு முடியும்வரை இணைய இணைப்பை நிறுத்திவிடுவோம். இறக்கி வைத்த புத்தகங்கள் அதிலேயே இருக்கும், தொலைபேசி அழைப்பும் வரும். செய்தியும் காணொளியும் சாப்பாட்டுக்கு அப்புறம். முதல் சில வாரம் எல்லாருக்கும் கை பரபரத்தது, இப்போது குக்கர் விசில் எண்ணுவதற்கு ஆள் கிடைக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புத்தகத்தை மாமியாரே சொல்லிவிட்டார். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் ஐயர் மறைந்ததால் நிறைவுபெறாமலே நின்றது. ஐயர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது மாமியாருடைய கட்டளை. மகன் வாசிப்பான். சமையல் என் கணவர் பொறுப்பு, முள்ளங்கி சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். மாவு நான் ஆட்டுகிறேன்.