ஒட்டகத்தின் கோணல்கள்

"ஒட்டகத்துக்கு ஒரு பக்கமா கோணல்?" என்று நம் ஊர்ப்பக்கம் வழங்கும் பழமொழியை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். ஒட்டகம் நம் நாட்டுக்குரிய விலங்கன்று எனினும் அதன் பெயர் தமிழுக்குப் புதிதன்று; தொல்காப்பிய மரபியலிலேயே அது இடம்பெற்றுள்ளது. அதன் கோணல்களின் பொருளை உணர வேண்டுமாயின், டில்லியில் கோடைதோறும் நம் முகத்தைச் சுடும் 'லூ' காற்று வரும் திசையில், தார்ப் பாலைக்குச் செல்லவேண்டும். அங்கே ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே.

திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நாமும் இளமையில் நம்பியிருந்தோம். உண்மையில் அதிலிருப்பது கொழுப்பு. உடலெங்கும் கொழுப்புப் படர்ந்திருப்பின் அது கம்பளி போர்த்தியதை ஒக்கும். ஓரிடத்தில் திரண்டிருப்பதால் ஏனைய இடங்களின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறுகிறது.

அப்படியாயின் தண்ணீர் எங்கே சேமிக்கப்படுகிறது? எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதே விடை. செலவைச் சுருக்குவதும் இழப்பைத் தாங்குவதுமே ஒட்டகத்தின் வழி. 1950களில் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞர் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்தார். நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியசாகவும் மாலையில் 40 டிகிரிக்கு மேலாகவும் இருக்கக் கண்டார். நமக்கு அது கடுங்காய்ச்சல், ஒட்டகத்துக்கோ சிக்கனம். பகல் வெப்பத்தை வியர்த்துப் போக்காமல் உடலிலேயே தாங்கி, இரவின் குளிரில் விட்டுவிடுகிறது. இதனால் ஒரு நாளில் மிஞ்சும் நீர் ஏறக்குறைய 5 லிட்டர். மயிரைக் கத்தரித்துவிட்டபோது நீரிழப்பு ஒன்றரை மடங்காயிற்று என்பதையும் அவர் கண்டார். நாம் புழுக்கத்தில் சட்டையைக் கழற்றுவதை எண்ணிப் பார்க்க நகைப்பு வருகிறது!

உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தும் ஒட்டகம் நடக்கும். அதில் பாதியை இழந்தாலே மனிதன் பிழைப்பது அரிது. பிறகு நீர் கண்டால் பத்தே நிமிடங்களில் 100 லிட்டர் குடித்துவிடும். முட்டை வடிவான அதன் செந்நிற இரத்த அணுக்கள் அத்தனை நீர் ஒருங்கே புகுந்தாலும் வெடிப்பதில்லை. மூச்சோடு செல்லும் ஈரத்தையும் மூக்கு பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

பாலையில் வேறு சிக்கனக்காரரும் உளர். முள்வால் ஓணான் வளைக்குள் புகுந்து வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆண் கல்கவுதாரியோ தொலைவிலுள்ள குட்டையில் வயிற்றிறகுகளை நனைத்துப் பறந்துவந்து, குஞ்சுகளுக்கு அவ்வீரத்தைப் பருகக் கொடுக்கும்.

இத்தனை வறட்சியை வென்ற ஒட்டகம் இன்று வேறொன்றிடம் தோற்றுவருகிறது. 1992இல் இந்தியாவில் ஏறத்தாழ 10 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012இல் 4 லட்சம். 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். உழவுக்கு டிராக்டர் வந்தது. கால்வாய் நீர் பாய்ந்த இடங்களில் மேய்ச்சல் நிலம் வயலாயிற்று. தண்ணீர் வந்ததும் ஒட்டகத்துக்கு இடமில்லாமற் போயிற்று என்பது விந்தையே. 2014இல் இராஜஸ்தான் அதனை மாநில விலங்காக்கி, மறு ஆண்டில் கொல்வதையும், வெளிமாநிலத்துக்கு விற்க ஓட்டிச் செல்வதையும் தடுத்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் ஆண் கன்றுகளை வாங்குவாரில்லை, விலை வீழ்ந்தது என வளர்ப்போர் முறையிடுகின்றனர். அம்முறையீட்டைப் புறக்கணிக்க இயலாது. விற்பனையற்ற விலங்கை ஏழை எத்தனை நாள் மேய்ப்பான்?

தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா மக்கள் அதன் பாலை விற்பது தகாது என்று கருதிவந்தவர்கள். இப்போது அவர்களுள் சிலர் பாலைக் கறந்து விற்கத் தலைப்பட்டிருக்கின்றனர். மந்தையைக் காக்க மரபை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அப்பால் சற்றே உப்புக் கரிக்கும்.