பானையில் தொடங்கிய சங்கம்

(திருமானூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'மாணவர் அமைப்புகள் உருவாக்கிய ஆளுமைகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நான் ஒரு தண்ணீர்ப் பானையில் இருந்து தொடங்குகிறேன்.

இங்கே கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் திருவையாறு. அங்கிருந்து கிழக்கே போனால் கும்பகோணம். அங்குள்ள அரசுக் கல்லூரியைத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கணித மேதை இராமானுசன் படித்த கல்லூரி. உ.வே.சா. பாடம் நடத்திய கல்லூரி. அவ்வளவு புகழ் வாய்ந்த கல்லூரியின் விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. 1943இல் பார்ப்பனரல்லாத மாணவர் ஒருவர் அந்த முதல் பானையில் தண்ணீர் குடித்துவிட்டார் என்று சிக்கல் வெடித்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள் உருவாக்கியதுதான் திராவிட மாணவர் கழகம். முன்னே நின்றவர் தவமணி இராசன். உடன் நின்ற கருணானந்தம்தான் பின்னாளில் பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதினார்.

அதே காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தக் காற்று வீசியது. நெடுஞ்செழியன், அன்பழகன், மதியழகன், இரா. செழியன் எல்லோரும் அங்கே படித்தவர்கள். நெடுஞ்செழியனும் அன்பழகனும் மதியழகனும் அமைச்சர்கள் ஆனார்கள். இரா. செழியனை 1962இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம்முடைய பெரம்பலூர்த் தொகுதி. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை கிடைக்காமல் போனபோது, அதைத் தேடி எடுத்து மறுபடியும் அச்சேற்றியவர் அவர்.

கடல் கடந்தும் இப்படி நடந்திருக்கிறது. 1906இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் சேர்ந்து 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்ற சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளை மாணவர்களின் சங்கங்களில் அவர்களுக்கு இடம் கிடையாது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த மாநிலத்தின் சட்டக் கல்லூரி கறுப்பர்களைச் சேர்க்காது. அவர் வேறு ஊரில் சட்டம் படித்தார். திரும்பி வந்து அதே கல்லூரியின் மீது வழக்காடி, இன்னொரு கறுப்பின மாணவரை உள்ளே அனுப்பினார். 1954இல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வாங்கியவரும் அவரே. மார்ட்டின் லூதர் கிங்கும் அந்தச் சங்கத்துக்காரர்தான்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கல்லூரி விடுதிப் பானைக்காக எழுந்த கோபம், கிராமத்து டீக்கடையின் இரட்டைக் குவளைக்காக அதே வேகத்தில் எழுந்ததா? பானை போராட்டத்தில் வளர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அந்தக் குவளைகள் பல ஊர்களில் இருந்தன. யாரையும் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தனக்கு மேலே இருக்கிற பானையைப் பார்க்கிற கண்ணுக்கு, தனக்குக் கீழே வைத்திருக்கிற குவளையும் தெரிய வேண்டும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். மூத்த மாணவர் ஒருவர் "எந்த ஊருடா?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கேள்வி, "ஊரா, காலனியா?" அவ்வளவுதான். அந்த மூன்று வருடமும் யார் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார், யார் எழுந்து போவார் என்பது அந்த ஒரு பதிலில் முடிவாகிவிட்டது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கூட்டம் இருந்தது, கல்லூரி விழாவுக்கு ஒவ்வொரு கூட்டமும் ஒரு பேனர் கட்டியது. அவையும் 'சகோதரத்துவம்' என்றுதான் சொல்லிக்கொண்டன. எங்கள் காலனியில் இருந்து என்னோடு சேர்ந்த நண்பன் இரண்டாம் ஆண்டு பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். என்னைவிட நன்றாகப் படிப்பான். வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. 'இருடா, நாங்க இருக்கோம்' என்று சொல்வதற்கு ஒரு சங்கம் இல்லை. நான்கூட அன்றைக்கு அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

இன்றைக்கும் அந்தக் கேள்வி போகவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கையில் வண்ணக் கயிறாக ஏறியிருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் போதுமா? அது கொடுத்த துணையை வேறு ஒன்று கொடுக்க வேண்டாமா?

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் அப்படி ஒரு துணையாக இருந்தது. ரோகித் வெமுலாவையும் நான்கு தோழர்களையும் விடுதியை விட்டு வெளியேற்றியபோது, அவர்கள் வளாகத்திலேயே கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். 2016 ஜனவரியில் ரோகித்தை இழந்தோம். அந்தச் சங்கம் கலையவில்லை.

சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் நிலைக்காது என்றார் அண்ணல் அம்பேத்கர். நம் அரசமைப்பின் முகப்புரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பிறப்பைப் பார்த்துச் சேர்க்கிற கூட்டத்துக்கு அந்தச் சொல்லைக் கடன் கொடுக்காதீர்கள்.

தோழர்களே, உங்கள் கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும், ஒரு வாசகர் வட்டம் தொடங்கலாம். யாரிடமும் தெருவைக் கேட்காதீர்கள். பெண் தோழர்கள் பெயருக்கு இல்லாமல் பொறுப்பில் இருக்கட்டும். முதலாண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாளைக்கு உங்கள் வட்டத்தில் இருந்து ஒரு நீதிபதியோ அமைச்சரோ வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் பரவாயில்லை. பாதியில் பெட்டி கட்ட வேண்டியிருந்த ஒருவர் படிப்பை முடித்தார் என்றால், என் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

ஜெய்பீம்.