பாகப்பிரிவினையும் பள்ளிக் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நமது மஹல்லாவின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி இன்று பேச விழைகிறோம். பள்ளிவாசல் இமாமுக்குக் கணக்கில் என்ன வேலை என்று எவரேனும் எண்ணக்கூடும். முதலில் நமது குறையொன்றை ஒப்புக்கொண்டு, அதிலிருந்தே இதற்கு விடை கூறுகிறோம்.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிள் கலையை ‘ஸிராஜி’ என்னும் கிதாபிலிருந்து பயின்றோம். அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் வகுத்துள்ள ஆறு பங்குகளையும் தடையின்றி ஒப்புவிப்போம். இமாமத் பணிக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். ஒரு பெண்மணி இறந்துவிட்டார். கணவரும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் இருக்கின்றனர். வேறு வாரிசு எவரும் இல்லை. கணவருக்குப் பாதி, சகோதரியர் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு என்று உடனே கூறிவிட்டோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், பாதியைக் கொடுத்த பிறகு மீதம் பாதிதானே இருக்கும்? அதிலிருந்து மூன்றில் இரண்டை எப்படிக் கொடுப்பது?” என்று பணிவுடன் வினவினார். நாம் வாயடைத்து நின்றோம்.

கிதாபைத் திறந்து பார்த்தபோதுதான், நாம் பெயரளவில் மனனம் செய்திருந்த ‘அவ்ல்’ என்பது இதுவே என்று விளங்கியது. பாதி என்பது ஆறில் மூன்று. மூன்றில் இரண்டு என்பது ஆறில் நான்கு. கூட்டினால் ஏழு வருகிறது. ஆகவே சொத்தை ஆறாகப் பிரிக்காமல் ஏழாகப் பிரித்து, கணவருக்கு மூன்றும், சகோதரியருக்கு ஆளுக்கு இரண்டாக நான்கும் கொடுக்க வேண்டும். சொத்து ஏழு இலட்சம் எனில் கணவருக்கு மூன்று இலட்சம். சகோதரியருக்குத் தலா இரண்டு இலட்சம். எவர் பங்கும் பறிபோகாமல், குறைவு அனைவர் மீதும் ஒரே விகிதத்தில் விழுகிறது. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் இத்தகைய வழக்கு வந்தபோது, ஸஹாபாக்களைக் கலந்தாலோசித்து இம்முறையில் தீர்ப்பளித்தார்கள் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

அன்பர்களே! சட்டம் நமக்கு மனப்பாடமாயிருந்தது, பின்னம் விளங்கவில்லை. பின்னம் விளங்காமையால் ஒரு குடும்பத்தின் உரிமையைப் பிழையாகப் பிரித்திருப்போம். அந்த முதியவரின் கேள்வியே நம்மைக் காத்தது. நம் பிள்ளைகளின் நிலையும் இன்று இதுவே.

சென்ற ஆண்டு மத்ரஸாவில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் நோட்டைப் பார்த்தோம். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். அதன்மீது சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஏன் தவறு என்று அவனுக்குத் தெரியவில்லை. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியதாகச் சொன்னான். அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, உன்னிடம் அரைச் சப்பாத்தி இருக்கிறது. உம்மா இன்னும் கொஞ்சம் வைக்கிறார். இப்போது உன் தட்டில் அரையைவிடக் கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா?” என்று கேட்டோம். கூடுதல் என்றான். “ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் கூடுதலா?” என்றோம். சற்று யோசித்தான். ஐந்தில் பாதி இரண்டரை அல்லவா! “ஹஜ்ரத், கூட்டியும் குறைஞ்சு போச்சே!” என்று அவனே வியந்தான். பிறகு இரண்டையும் ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று மாற்றி, ஆறில் ஐந்து என்று விடை கண்டான். ஸிராஜியில் நாம் ஓதிய அதே ஆறு!

நடுநிலை வகுப்புகளில் கணக்கு இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் முழு எண்களை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பின்னமும், விகிதமும், குறை எண்ணும், எழுத்தால் எழுதும் இயற்கணிதமும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. அங்கு விட்டது ஒன்பதிலும் பத்திலும் சுமையாகிறது. தேர்வில் தவறிய மகன் கடைக்கு வேலைக்குப் போகிறான். மகளின் படிப்பு வீட்டோடு முடிந்துவிடுகிறது.

விகிதத்திற்கு ஓர் உதாரணம் நம் வாசலிலேயே உள்ளது. தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளை எடை பார்த்து, மருத்துவரின் ஆலோசனைப்படி உணவளவை முடிவு செய்கிறார்கள். அதை மனத்திற்கொண்டு பிள்ளைகளிடம் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டோம். நாலாயிரம் கிலோ எடையுள்ள யானைக்கு எட்டுக் கிலோ கேழ்வரகு எனில், அதே விகிதத்தில் மூவாயிரம் கிலோ யானைக்கு எவ்வளவு? ஒரு சிறுமி, ஆயிரம் குறைந்ததால் ஒன்றைக் குறைத்து ஏழு என்றாள். “அப்படியே குறைத்துக்கொண்டே போ, மகளே” என்றோம். ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி, எடையே இல்லாத யானைக்கு நான்கு கிலோ என்ற இடத்தில் வந்து நின்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு, ஆயிரத்திற்கு இரண்டு, ஆகவே மூவாயிரத்திற்கு ஆறு என்று தானே திருத்திக்கொண்டாள். பிழையை அதன் எல்லை வரை நடக்கவிட்டால் அதுவே ஆசிரியராகிவிடுகிறது. பிரம்பால் இது நடவாது.

இவ்வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் அவர்கள், காகித மடிப்பையும் எண் கோலங்களையும் கொண்டு பிள்ளைகளே கண்டறியும் வகையில் கணிதம் கற்பித்தவர். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைய உழைத்தவரும் அவரே. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்திற்காகப் பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமையில் கணிதம் பற்றி ஆராய்ந்த குழுவும், பிள்ளைகளின் அச்சத்தையும் தோல்வி உணர்வையுமே முதன்மையான குறையாகச் சுட்டியது.

நம் முன்னோர் வரலாறும் இதனுடன் பிணைந்தது. பக்தாதில் ஏறத்தாழ கி.பி. 820-இல் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் கணிசமான பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகளே. உலகம் இன்று கூறும் ‘அல்ஜீப்ரா’ என்ற சொல் அந்நூலின் பெயரிலிருந்தே பிறந்தது. நம் பாட்டிமார் அரைக்கால், வீசம் என்று நாவால் கணக்கிட்டவர்கள். மனைவிக்குரிய எட்டில் ஒன்று அந்த அரைக்காலே. ஸகாத்தின் நாற்பதில் ஒன்றுதான் பள்ளிப் புத்தகத்தின் இரண்டரை சதவீதம். இவை பிள்ளைகளுக்கு அந்நியமானவை அல்ல என்று எடுத்துக்காட்டுவது நம் கடமை.

எனவே இப்பொதுக்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வாரத்தில் மூன்று நாட்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மத்ரஸாக் கூடத்தில் கணக்கு வகுப்பு நடத்த அனுமதி வேண்டும். இருட்டியபின் யானை நடமாட்டமுள்ள பாதையில் பிள்ளைகளை அனுப்ப இயலாது. மஃரிபுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் வீடு சேர வேண்டும்.

இரண்டாவது, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் விடுமுறை நாட்களிலேனும் ஆளுக்கு ஒரு மணி நேரம் தர வேண்டும். நாமும் மாணவராய் உடன் அமர்வோம்.

மூன்றாவது, ஆண், பெண் இருபாலாரும் வர வேண்டும். பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளின் பிள்ளைகள் வந்தாலும் அவர்களுக்கும் பாய் விரிக்கப்பட வேண்டும். அறிவுக்கு அண்டை வீட்டாரும் உரியவரே.

நான்காவது, பெற்றோர்களுக்கு. “எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வராது” என்று பிள்ளை காதுபட இனிக் கூறாதீர்கள். விடை சரியா என்று கேட்பதற்கு முன், “இது எப்படி வந்தது?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அன்று நம்மைத் திருத்திய முதியவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர்.

நாளை நாம் இருக்க மாட்டோம். நம் சொத்தும் கடனும் இருக்கும். அவற்றை நீதியாகப் பிரிக்கப்போகிறவர்கள் இன்று ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விளங்கிய அறிவையும், அச்சமின்றிக் கேள்வி கேட்கும் நாவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.