குடிநோயும் மீட்சியும் இயற்கைத் துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, வீடுகளில் கதவை அடைத்துக்கொண்டு மெல்லப் பேசப்படும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது குடி. குடிப்போரைப் பழிப்பது நம் நோக்கமன்று. குடியினின்று மீள்வது எவ்வாறு, அம்மீட்சிக்கு மரமும் பறவையும் கடலும் எவ்வளவு துணை நிற்கும் என்பதே நம் பேச்சு.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அங்கே பண்ணை வீடொன்றில் வளர்ந்தவர் ஏமி லிப்டிராட் என்னும் பெண்மணி. இளமையில் லண்டன் நகருக்குச் சென்றார், குடிக்கு அடிமையானார், வேலையும் அன்பும் கைநழுவின. பின்னர்ச் சிகிச்சை பெற்று, குடியை நிறுத்தி, பிறந்த தீவுக்கே திரும்பினார். அவ்வனுபவத்தை எழுதிய நூல் 'தி அவுட்ரன்'; 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2024-இல் திரைப்படமாகவும் வந்தது. கடலோரப் பாறையை ஒட்டிய கரட்டு மேய்ச்சல் நிலத்துக்கே 'அவுட்ரன்' என்று பெயர்.

தீவில் அவருக்குக் கிடைத்த வேலை விந்தையானது. கார்ன்கிரேக் என்னும் பறவை குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துக் கோடையில் அத்தீவுகளுக்கு வரும். புல்லுக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்கு எளிதில் அகப்படாது, இரவில் அதன் கரகரத்த குரல் மட்டும் கேட்கும். புல் அறுக்கும் இயந்திரங்கள் வந்தபின் கூடுகள் அழிந்து, அதன் இனம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சிய பறவைகளைக் கணக்கெடுக்கும் பொருட்டு, பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஏமியை அமர்த்தினர். நள்ளிரவில் வண்டியோட்டிச் சென்று, ஆங்காங்கே நிறுத்திச் செவிசாய்ப்பதே பணி. முன்பு மதுவில் கரைந்த நள்ளிரவுகள், இப்போது ஒரு சிறு பறவையின் குரலுக்காகக் காத்திருப்பதில் கழிந்தன. பின்னர், ஏறத்தாழ எழுபது பேரே வாழும் பாப்பா வெஸ்ட்ரே என்னும் சிறு தீவில் குளிர்காலத்தைக் கழித்தார்; குளிர்ந்த கடலில் நீந்தினார்; விண்மீன்களை நோக்கினார்.

கடல்நீர் குடிநோயைக் கழுவிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முதலில் வந்தது சிகிச்சை. பின்னர் வந்ததே இயற்கை. அங்ஙனமாயின் இயற்கை செய்தது யாது? குடியை விட்டவனுக்குப் பெரும் பகை மாலைப்பொழுது. நேற்றுவரை மது நிறைத்திருந்த நேரம் இன்று வெறுமையாய்க் கிடக்கிறது. அவ்வெறுமையை வேறொன்று நிறைக்காவிடின் பழைய வழக்கமே திரும்பி வந்து அமரும். இயற்கை அவ்விடத்தில் கவனத்தை நிறைத்தது. நாளை விடியலில் எழுவதற்கு ஒரு காரணமும் தந்தது.

ஆர்க்னி நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளது. ஆனால் பெங்களூரில் வாழும் நமக்கு என்ன குறை? 1760-ஆம் ஆண்டளவில் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் இருக்கிறது. அதனுள் முந்நூறு கோடி ஆண்டுகள் பழமையுடைய பாறை இருக்கிறது. தோட்டக்கலை அறிஞர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய மற்றொன்று பூக்குமாறு இந்நகரின் சாலை மரங்களைத் தெரிந்தெடுத்தார் என்பர். ஜக்கரண்டா ஊதாவாகப் பூக்கும். சரக்கொன்றை பொன்னாய்த் தொங்கும். குல்மொகர் செந்தீயாய் எரியும். குடியை விட்டோர் நாள்களை எண்ணுவர். முப்பது நாள், தொண்ணூறு நாள், ஓராண்டு என்று நாள்காட்டியில் எண்ணுவதை, இம்மரங்களைக் கொண்டும் எண்ணலாம். சென்ற முறை இம்மரம் பூத்தபோது நான் எந்நிலையில் இருந்தேன் என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்வது சிறு மருந்தன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துதல் ஆபத்து. கைந்நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை சில நாள்களுக்குள் தோன்றலாம். உயிர்க்கும் இடையூறு நேரலாம். ஆதலால் முதற்படி பூங்காவன்று, மருத்துவமனையே. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய தொண்டு, டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. தம் துயரைப் பிறர்க்கு மருந்தாக்கிய அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மீண்டோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' 1935-இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் கூட்டங்கள் நம் நகரிலும் நடைபெறுகின்றன. குடும்பத்தார்க்கும் 'அல்-அனான்' என்னும் தனிக்கூட்டங்கள் உண்டு.

சட்டமும் தன் பங்கைச் செய்து பார்த்தது. இந்நகரின் சென்ட்ரல் கல்லூரியில் பயின்ற இராஜாஜி, 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். கர்நாடகம் 2007-இல் சாராய விற்பனையைத் தடுத்தது. கடையை மூடச் சட்டத்தால் இயலும்; ஒருவனது மாலைப்பொழுதை நிறைக்கச் சட்டத்தால் இயலுமா? அது குடும்பத்தாரும் அண்டை அயலாரும் செய்ய வேண்டிய பணி.

கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், குடித்திருப்பவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது வீண் என்கிறார். ஆகவே இரவில் வாதாட வேண்டா. காலையில், தெளிந்த வேளையில், அன்புடன் பேசுங்கள். 'உடம்பு சரியில்லை' என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்லி நோயை மறைக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு வெட்கப்படாத நாம் இந்நோய்க்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? அயல் மண்ணில் பிழைக்க வந்த நமக்கு, ஊரில் உள்ளது போல் மாமனும் சித்தப்பனும் அருகில் இல்லை. சங்கமே நம் சுற்றம். சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரை, 'நாளைக் காலை லால்பாக் வரை நடந்து வருவோம், வாருங்கள் அண்ணா' என்று அழைக்க ஒருவர் இருப்பாராயின், அதுவே சங்கம் செய்யும் பெருந்தொண்டு.

அத்தொண்டுக்கு இவ்வாண்டே கால்கோள் செய்வோமாக!