ஒரே அளவு, ஒரே விலை



கைத்தொழில் பற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீன் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பொய்ப் பூச்சி கட்டுவாங்க. என் மகள் செல்போனில் அதைக் காட்டினாள். பார்த்தால், நம்ம கைவேலை மாதிரியே இருக்கு.

முள்ளை இடுக்கியில் மாட்டி, மெழுகு தடவின பட்டு நூலைச் சுற்றணும். முதலில் வால். அப்புறம் கம்பளி நூலில் உடம்பு, அதுமேல் ஜரிகைக் கம்பி. கழுத்துக்குப் பெட்டைக்கோழி இறகு. அது மெதுவா இருக்கும், தண்ணியை உறிஞ்சும், பூச்சி உள்ளே மூழ்கும். கடைசியா இறக்கை. வாத்தோட இடது சிறகில் ஒரு கீற்று, வலது சிறகில் ஒரு கீற்று எடுத்து ஜோடி சேர்க்கணும். விரலால் அழுத்திப் பிடிச்சு, நூலைத் தளர்வா மேலே போட்டு, நேரா கீழே இழுக்கணும். பிடி விட்டால் இறக்கை கோணிடும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், மான்செஸ்டர் என்ற ஊரில் மேரி ஆர்விஸ் மார்பரின்னு ஒரு அம்மா. 1876-ல் அவங்க அப்பாவோட தூண்டில் கம்பெனியில், பூச்சி கட்டும் பெண்களுக்குத் தலைமை ஏற்றாங்க. அப்போ ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பேர். ஒரே பேரில் ஊருக்கு ஒரு பூச்சி. கேட்டது ஒன்று, போனது வேறொன்றுன்னா யார் வாங்குவாங்க? அந்த அம்மா நாடு முழுக்க மீன் பிடிக்கிறவங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாங்க. எந்தப் பேருக்கு எந்த இறகு, எந்த நிறம்னு வண்ணப் படத்தோடு 1892-ல் புத்தகமே போட்டாங்க. அப்புறம் யார் கட்டினாலும் அதைப் பார்த்துக் கட்டலாம்.

நம்ம கம்பளிக் குல்லாவை யோசிங்க. ஒரு குழு பின்னினால் பெரிசு, இன்னொரு குழு பின்னினால் சின்னது. "அளவு சரியில்லை"ன்னு வியாபாரி விலையைக் குறைக்கிறார். ராத்திரி கண் முழிச்சுப் பின்னின கூலிதான் அதில் போகுது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பேர் வைப்போம். எத்தனை கண்ணி, எத்தனை வரின்னு தீர்மான நோட்டில் எழுதுவோம். மாதிரிக் குல்லா ஒன்றைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைப்போம். விலையும் ஒன்றே, அதுக்குக் கீழே எந்தக் குழுவும் கொடுக்கக் கூடாது. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுவோமா அக்கா?